மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வும் அரசின் கொள்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுத் தரவுகளைக் கொண்டு திட்டம் வகுப்போர் செய்யும் முதல் தவறு, ஓர் எண்ணிக்கையை அதைத் தந்த கேள்வியிலிருந்து பிரித்துப் படிப்பதாகும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பார்வைக் குறைபாடு உடையோர் 2001-இல் சுமார் 1.06 கோடியாக இருந்து 2011-இல் சுமார் 50 லட்சமாகக் குறைந்தனர். அதே காலத்தில் செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 12.6 லட்சத்திலிருந்து 50.7 லட்சமாக உயர்ந்தனர். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை முதல் கணக்கெடுப்பில் சேர்த்தார்கள், அடுத்ததில் சேர்க்கவில்லை. காதொலிக் கருவி அணிபவரை முன்பு விட்டுவிட்டுப் பின்பு சேர்த்தார்கள். வரையறை இப்படி மாறியதைக் கவனியாமல், கண் சிகிச்சைத் திட்டங்கள் பெருவெற்றி பெற்றதாக முடிவுகட்டி நிதியைக் குறைத்தால், பாதிக்கப்படுவோர் ஏற்கெனவே உதவிக்குக் காத்திருப்பவர்களே.

2011 கணக்கெடுப்பு இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் என்று காட்டும் 2.21 சதவீதத்தை, உலக மக்களில் அவர்கள் பங்கு என உலக சுகாதார நிறுவனம் கூறும் 16 சதவீதத்தோடு ஒப்பிட்டு, இங்கே சிக்கல் சிறிது என்று ஆறுதல் கொள்வதும் இதே வகைத் தவறுதான். வீட்டில் ஊனமுற்றவர் உண்டா என்று கேட்டால் பல குடும்பங்கள் இல்லை என்றே சொல்லும். நடப்பதில், கேட்பதில், நினைவில் வைப்பதில் எவ்வளவு சிரமம் என்று கேட்கும்போது விடை வேறாகிறது.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆயினும் பல உரிமைகளுக்கு, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளது என்னும் சான்றிதழ் வேண்டும். அந்தச் சதவீதம் உடலையோ மனநலத்தையோ அளக்கிறதே தவிர, ஒருவருக்குத் தேவைப்படும் உதவியை அளப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான தவறு, கேள்வி எழும் இடத்திலேயே இருக்கிறது. 1980-களில் பிரிட்டன் அரசு நடத்திய ஆய்வு, பொருள்களைப் பிடிக்கவோ திருகவோ முடியாததற்கு உங்களுக்கு என்ன உடல் கோளாறு என்று கேட்டது. தாமே சக்கர நாற்காலி பயன்படுத்திய சமூகவியலாளர் மைக் ஆலிவர், புட்டிகளும் டப்பாக்களும் வடிவமைக்கப்பட்ட விதத்தில் உள்ள எந்தக் குறை உங்களுக்குச் சிரமம் தருகிறது என்று அதைத் திருப்பி எழுதினார். முதல் கேள்வியின் விடைகள் மருத்துவத்துறையிடம் போய் முடியும். இரண்டாவதன் விடைகள் தொழிற்சாலைக்கும் பேருந்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் விதிகள் கேட்கும்.

கொள்கை வகுப்பதில் மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. வரைவு முடிந்தபின் ஒரு கூட்டம் நடத்துவதால் அந்தக் கடமை நிறைவேறாது. எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவாகும் கட்டத்திலேயே, சைகை மொழிபெயர்ப்பாளரும் பிரெயில் படிவமும் உடனிருக்க, அவர்கள் பங்கேற்க வேண்டும்.