ஊருணியை அளக்கும் வகுப்பு: செட்டிநாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் செயல்திட்ட வழிக் கற்றலைத் தொடங்கும் முறை

செயல்திட்டம் என்றவுடன் நம் பள்ளிகளில் தெர்மாகோல் அட்டையும் வண்ணத்தாளும் பசையும்தான் நினைவுக்கு வருகின்றன. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நானும் அப்படித்தான் நடத்தினேன். மழைநீர்ச் சேகரிப்பு மாதிரி ஒன்றை மிக அழகாகக் கொண்டுவந்த மாணவியிடம், இந்தக் குழாய் ஏன் இவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது, அந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்றதும், மாதிரியைச் செய்தது அவளுடைய அப்பா என்பது எனக்குப் புரிந்ததும் ஒரே நொடியில் நடந்தன. பிழை அவளுடையதன்று, விடை தெரிந்த ஒன்றைச் செய்து வரச் சொன்ன என்னுடையது.

அதன்பின் நான் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டேன். கேள்வியின் விடை ஆசிரியருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. அந்த விடை பள்ளிக்கு வெளியே யாரேனும் ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். தரவு திரட்டுதல், கணினியில் கணக்கிடுதல், வரைபடம் ஆக்குதல், குழுவாக இயங்குதல், பெரியவர்கள் முன் பேசுதல் என்று இன்று நாம் பட்டியலிடும் திறன்கள் யாவும் இந்த இரண்டு விதிகளைப் பின்பற்றினால் தாமாகவே தேவைப்படும்; தேவைப்படும்போது பிள்ளைகள் அவற்றை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கைத்தொழிலின் வழியே பாடத்தைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்தபோதே இதன் அடிப்படை நம் நாட்டில் பேசப்பட்டுவிட்டது.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

நீர் மேலாண்மை என்பது தலைப்புதானே தவிர, கேள்வியாகாது. நம் ஊருணிக்கு மழைநீர் முன்போல் ஏன் வந்து சேர்வதில்லை, ஊருணிக்கு நீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் எந்த இடத்தில் அது நின்றுபோகிறது என்பது கேள்வி. செட்டிநாட்டில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்த நிலத்தில் குடிநீருக்கு ஊருணியும் பாசனத்திற்குக் கண்மாயும் வெட்டி, வீட்டுக் கூரையையே வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குள், மழையைக் கொண்டுவரும் ஏற்பாடாக அமைத்தவர்கள் நம் முன்னோர். பிள்ளைகள் தினமும் அந்த ஊருணிக் கரை வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பே இதற்கு ஏற்ற வகுப்பு; பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வின் அழுத்தம் வந்துவிடும். ஜூனில் கேள்வியை முடிவு செய்து, ஊருணி வறண்டு கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அளந்து, காலாண்டுத் தேர்வுக்குப் பின் வரைபடத்தை முடித்து, வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையையும் நீர்மட்டத்தையும் பதிந்து, ஜனவரி 26-இல் கூடும் கிராம சபையில் அறிக்கையை வைக்கலாம். நம் ஊரின் பருவமும் பள்ளியின் நாட்காட்டியும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வாரத்திற்கு இரண்டு பாடவேளைகளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலும் இதற்குப் போதும்.

தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் ஆகியவை இல்லாமல் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். தண்ணீர் இருக்கும் ஊருணிக்குள் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

அளத்தல்

முதல் வேலை, ஊருணியின் புல எண்ணையும் பரப்பையும் வருவாய்த் துறையின் நில ஆவணமான அ-பதிவேட்டிலிருந்து எடுப்பது. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்திலேயே மாணவர்கள் இதைப் பார்க்கலாம். அரசு ஆவணம் ஒன்றைத் தேடி, படித்து, அதில் உள்ள ஹெக்டேர் கணக்கைச் சதுர மீட்டராக மாற்றுவது அவர்களுக்குப் புதிய அனுபவம். பிறகு நாடாவைக் கொண்டு நேரில் அளந்து, பதிவேட்டுப் பரப்போடு ஒப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் ஆசிரியர் பொறுமை காக்க வேண்டும். ஒருமுறை ஒரே கரையை இரு குழுக்கள் அளந்து, ஒன்று 41.2 மீட்டர் என்றும் மற்றொன்று 43.6 மீட்டர் என்றும் எழுதின. எது சரி என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது என்றேன். மறுபடி அளக்கும்போதுதான், நடுவில் இருந்த கருவேல முட்செடியைச் சுற்றி நாடா வளைந்து போனதை ஒரு மாணவன் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தான். மூன்று முறை அளப்பது, நாடாவை இழுத்துப் பிடிப்பது, அளந்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதுவது என்ற மூன்று நடைமுறைகளையும் அன்று அவர்களே வகுத்தார்கள். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஒருவரும் பின்பற்றியிருக்க மாட்டார்கள்.

கொள்ளளவுக்கு எளிய வழி போதும். மேல்விளிம்பு 50-க்கு 40 மீட்டர், அடித்தளம் 42-க்கு 32 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால், இரு பரப்புகளின் சராசரி 1,672 சதுர மீட்டர். ஆழத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 5,000 கன மீட்டர், அதாவது 50 லட்சம் லிட்டர். ஊர் மக்கள்தொகையால் வகுத்து, ஆளுக்கு எத்தனை நாள் குடிநீர் என்று மாணவர்கள் கணக்கிடும்போது வகுப்பறையில் ஏற்படும் அமைதியை நான் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருக்கிறேன்.

வரத்துக்காலின் வாட்டத்தை, அதாவது தரைச் சரிவை, பார்ப்பதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், நீர் நிரம்பிய ஒளிபுகும் நெகிழிக் குழாயே போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பார்கள். இங்கே அது கருவியாகிறது. பத்து மீட்டருக்கு ஓர் இடமாக மட்டம் எடுத்துக்கொண்டே போனால், தரை எங்கே இறங்க வேண்டுமோ அங்கே ஏறியிருப்பது தெரிந்துவிடும். சாலையை உயர்த்தியபோது சிறுபாலத்தின் அடியில் மண் தூர்ந்திருக்கலாம், யாரேனும் குப்பை கொட்டியிருக்கலாம், ஆக்கிரமிப்பும் இருக்கலாம். அறிக்கையில் இடத்தையும் உயரத்தையும் மட்டும் எழுதச் செய்யுங்கள். எந்த மனிதரின் பெயரும் வர வேண்டாம். ஊர்ப் பகையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றும் உரிமை நமக்கு இல்லை.

வேலைகளைச் சுழற்சி முறையில் கொடுங்கள். கவனிக்காமல் விட்டால் நாடா பையன்களிடமும் நோட்டுப் புத்தகம் பெண்பிள்ளைகளிடமும் ஆண்டு முழுவதும் தங்கிவிடும்.

கூரையும் ஆச்சியும்

இரண்டாம் பகுதி, பழைய வீடொன்றின் கூரையிலிருந்து வளவுக்கு வரும் நீரைக் கணக்கிடுவது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக, ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கிறது என்று கொண்டால் 800 லிட்டர்.

மாணவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அதைச் செய்ய விடுங்கள். சாய்ந்த கூரையின் சாய்வு நீளத்தையே அளந்து பரப்பாக எடுத்துக்கொள்வார்கள். மழை செங்குத்தாக விழுவதால் கூரை தரையில் மறைக்கும் பரப்புதான் கணக்கில் வர வேண்டும். கூரை 30 பாகை சாய்ந்திருந்து சாய்வு நீளம் 5 மீட்டரானால், கிடைநீளம் 4.33 மீட்டர் மட்டுமே. கொசைன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், கணக்கில் கூடிப்போன நீரைக் குறைப்பதற்காகத் தாங்களே முக்கோணவியல் பாடத்தைத் திறப்பதைப் பார்ப்பீர்கள்.

அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பேசாமல் திரும்பக் கூடாது. கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு, அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். மழைத்தண்ணீரை எப்படிப் பிடிப்பீர்கள் என்று என் மாணவன் கேட்டதற்கு ஓர் ஆச்சி சொன்ன பதிலை அவன் அப்படியே எழுதி வந்தான்: “மொத மழைய விட்டுருவோம் தம்பி. ஓட்டுத் தூசி, பறவை எச்சமெல்லாம் கழுவிக்கிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் வர்றதத்தான் வேட்டி கட்டி வடிச்சு அண்டாவுல பிடிப்போம்.” முதல் மழைநீரைத் தனியே பிரித்து வெளியேற்றும் அமைப்பை இன்றைய மழைநீர்ச் சேகரிப்பு வழிகாட்டிகளும் பரிந்துரைக்கின்றன. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003-இல். அந்த ஆச்சி திருமணமாகி அந்த வீட்டுக்கு வந்த காலத்திலேயே அது அடுக்களை வழக்கமாக இருந்திருக்கிறது. அவர் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டுமானால் அவரிடமே மீண்டும் கேட்டுவர வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கணினியும் சரிபார்ப்பும்

பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் எல்லா அளவுகளையும் விரிதாளில் ஏற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். அதைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். மழைமானி அளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுப்பது வானிலைத் துறையின் வழக்கம். விடுமுறை நாளிலும் யார் எடுப்பது என்பதை மாணவர்களே முறைவைத்து முடிவு செய்யட்டும். ஊருணிப் படித்துறையில் அழியாத வண்ணத்தில் அளவுக்கோடுகள் போட்டுவிட்டால், கரையில் நின்றபடியே நீர்மட்டத்தைப் படிக்கலாம்.

நீரின் தரத்துக்கு, அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கலாம். அது உப்பை நேரடியாக எண்ணுவதில்லை. நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைப் பார்த்து மதிப்பிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. ஆனால் கிருமிகளைப் பற்றி இந்தக் கருவி எதுவும் சொல்லாது. எண் குறைவாக இருப்பதால் நீர் குடிக்கத் தகுந்தது என்று எந்த மாணவரும் எழுதிவிடக் கூடாது. மின்வேதியியல் ஆய்வுக்கென்றே காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய ஆய்வு நிறுவனம் நம் அருகில் இருக்கிறது. மாணவர்கள் பார்வையிட முடியுமா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். கடிதத்தை எழுத வேண்டியவர்கள் மாணவர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கே பயன்படுத்துவது என்பதைத்தான் கற்பிக்க வேண்டும். விரிதாளில் சூத்திரம் பிழையாக இருந்தால் கேட்கலாம். கடிதத்தின் நடையைத் திருத்தக் கேட்கலாம். ஊருணியின் வரலாற்றைக் கேட்டால், இல்லாத ஆண்டையும் இல்லாத கல்வெட்டையும் தெளிவான தமிழில் சொல்லிவிடும். செயலி சொன்ன ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே, பதிவேட்டிலோ நேரிலோ பார்த்தவர் யார் என்று எழுத ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி அறிக்கைக்குள் வராது.

மதிப்பெண் குறித்து ஒன்றே சொல்வேன்: அழகான அட்டைக்குக் கொடுக்காமல், முதல் வரைவுக்கும் மூன்றாம் வரைவுக்கும் இடையே நடந்த திருத்தங்களுக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் ஊருணி அளக்க வாய்ப்பில்லையென்றால் வேறு கேள்விகளும் உண்டு. ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கும், தரையில் பதிக்கும் பூக்கல் ஒன்றின் அடக்கவிலை என்ன? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலை ஒன்றை நெய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது, நெசவாளரின் கையில் எவ்வளவு நிற்கிறது? இவற்றுக்கும் அந்த இரண்டு விதிகள் பொருந்தும்.

கிராம சபையில்

அறிக்கை நான்கு பக்கத்திற்கு மேல் வேண்டாம். ஒரு வரைபடம், ஓர் அட்டவணை, தடை உள்ள இடங்களின் நிழற்படங்கள், ஊராட்சியிடம் வைக்கும் ஒரே ஒரு கோரிக்கை ஆகியவை போதும். ஐந்து நிமிடம் பேச மூன்று மாணவர்களைத் தயார் செய்யுங்கள். நன்றாகப் பேசும் பிள்ளையை மட்டும் அனுப்பாமல், வரத்துக்காலில் மட்டம் எடுத்த பிள்ளையையும் அனுப்புங்கள். இந்த அளவு எப்படி வந்தது என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்கும்போது, பதில் அவனிடம்தான் இருக்கும். கோரிக்கை தீர்மானமாக நிறைவேறினால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறைவேறாவிட்டால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

ஆண்டு முடியும்போது மழை அளவுகளும் நீர்மட்டமும் அடங்கிய பதிவேட்டை அலமாரியில் பூட்டிவிடாமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படித்துறைக்கு அழைத்துவந்து, அளவுக்கோட்டை எப்படிப் படிப்பது என்று உங்கள் மாணவர்களையே காட்டித் தரச் செய்யுங்கள். ஜூனில் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது, கடைசி வரியின் கீழே தங்கள் முதல் அளவை எழுதுவார்கள்.