சுகர் உள்ளவர்களின் கால் ரத்த ஓட்டம்: ரிப்போர்ட்டைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சுகர் உள்ளவர்கள் முழு உடல் பரிசோதனை எடுத்துக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் "ரிப்போர்ட் நார்மல், அதனால் காலுக்கும் ஒன்றுமில்லை" என்று நினைப்பது பெரிய தவறு. கால் தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயில்) அடைப்பு உண்டா இல்லையா என்று ரத்தத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் அளவு), ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறையவைக்கும் புரதம்) போன்றவை ஆபத்து கூடுதலா குறைவா என்று கோடிகாட்டும், அவ்வளவுதான்.

அடைப்பைக் கண்டுபிடிக்க முதலில் பார்ப்பது ஏபிஐ என்ற எண். கணுக்கால் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுப்பார்கள், 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. இதிலும் ஏமாற இடமுண்டு. பல வருட சுகரில் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிட்டால், பிரஷர் பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் அழுந்தாது. எண் 1.40-ஐத் தாண்டும், அல்லது அடைப்பு இருந்தும் நார்மல் போலவே வரும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் பெருவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். அடைப்பின் அடையாளம் இது. நரம்பு மரத்துப்போனவருக்கு இந்த வலியே தெரியாமல் போகலாம், அதனால் வலி இல்லை என்பதை நம்பி இருக்கக்கூடாது. பாடலீஸ்வரர் கோயிலில் வெறுங்காலோடு வெயிலில் பிராகாரம் சுற்றினாலும், தேவனாம்பட்டினம் மணலில் நடந்தாலும், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஒரு அமினோ அமிலம்) கூடியிருக்கிறது, அடைப்பாக இருக்குமோ என்று பயந்து வருபவர்கள் உண்டு. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும், பாதமும் மரக்கும். அடைப்பு என்று முடிவு கட்டும் முன் பி12 பார்த்துவிடுவது நல்லது. காய்ச்சலோ ஈறு வீக்கமோ ஆறாத புண்ணோ இருக்கும்போது எடுத்த சிஆர்பியும் இப்படித்தான் தவறான பயம் காட்டும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயில்) ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு உதவுவது. தமனி அடைப்பைத் தேட அதை எடுப்பது வீண் செலவு. ரத்தசோகை இருந்தால் மூன்று மாத சர்க்கரை அளவும் மாறிக் காட்டும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு. லேப் தாளில் 100-க்குள் என்றால் சரி என்று அச்சிட்டிருக்கலாம். கால் அடைப்பு உறுதியான சுகர்காரருக்கு அது போதாது. 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். எண் இறங்கிவிட்டதே என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த எண்ணை இறக்கியதே மாத்திரைதான்!

கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டாலோ, விரல் கறுத்தாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.