புது பிரவுசருக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினி பழுது பார்த்து வருகிற என்னிடம் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள்: குரோமை விட்டுவிட்டு எதற்கு மாறலாம்? தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2023இல் ‘உலா’ என்ற உலாவியை வெளியிட்டதும், இந்தியாவிலேயே உலாவி உருவாக்குவதற்கு மத்திய அரசு நடத்திய போட்டியில் அந்நிறுவனம் 2025 மார்ச்சில் முதற்பரிசு பெற்றதும் நம் பக்கத்தில் இந்த ஆர்வத்தைக் கூட்டியிருக்கின்றன. மாறிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால், ஃபயர்பாக்ஸ் புதிதாக வந்த காலத்தில் எங்கள் தலைமுறை எந்தெந்தக் குழிகளில் விழுந்ததோ அதே குழிகளில் இன்றைய புதியவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கண்ட தளத்திலிருந்து பதிவிறக்காதீர்கள் என்பது போல எல்லோரும் அறிந்த எச்சரிக்கைகளை இங்கே எழுதப் போவதில்லை.

காலி உலாவியின் வேகத்தை நம்புதல்

“அண்ணாச்சி, பழசு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு, இது பறக்குல்லா!” என்று முதல் நாளில் சொல்லாதவர் இல்லை. பறக்கத்தான் செய்யும். பழைய உலாவியில் பல ஆண்டு வரலாறும், திறந்தபடியே கிடக்கும் டேப்களும், எப்போதோ சேர்த்து மறந்துபோன நீட்சிகளும் (உலாவியோடு கூடுதலாக இணைக்கும் எக்ஸ்டென்ஷன்கள்) இருக்கின்றன. புதியதில் ஒன்றுமே இல்லை. குரோம், பிரேவ், ஓப்பரா, உலா, 2020 ஜனவரிக்குப் பிந்தைய எட்ஜ் ஆகிய எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மீது கட்டப்பட்டவை என்பதால், வெறும் பக்கத்தைத் திறக்கும் வேகத்தில் அவற்றுக்குள் பெரிய வேற்றுமையை எதிர்பார்க்க இடமில்லை. நேர்மையாக ஒப்பிட விரும்புகிறவர் பழைய உலாவியிலேயே புதிய சுயவிவரம் (ப்ரொஃபைல்) ஒன்றை உருவாக்கி, தாம் அன்றாடம் பயன்படுத்தும் தளங்களை இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே இணைப்பில் திறந்து பார்க்க வேண்டும்.

விளம்பரங்கள் மண்டிய ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியும். நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்று பின்தொடரும் நிரல்களை இயல்பாகவே தடுக்கும் உலாவி, அவற்றைப் பதிவிறக்கும் வேலையே இல்லாததால் முந்திக்கொள்கிறது. வேகமும் தனியுரிமையும் எப்போதும் எதிரெதிர்த் தட்டில் இருப்பவை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஐபோனில் வேகத்துக்காக மாறுதல்

இந்தியாவில் ஐபோனின் எல்லா உலாவிகளும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் என்ற ஒரே எஞ்சினில்தான் ஓடுகின்றன. உலாவியை மாற்றினாலும் வேகம் பெரிதாக மாறாது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேளாதிருத்தல்

சில வகை வேகம் உங்கள் கணினியில் பிறப்பதில்லை. ஓப்பரா மினி போன்றவை பக்கத்தைத் தம் சேவையகத்துக்கு வரவழைத்து, அங்கே சுருக்கி, பிறகு உங்களுக்கு அனுப்பின. 2ஜி காலத்தில், மணிமுத்தாறுப் பக்கம் சிக்னல் ஒரு கோடாக நின்ற நாட்களில், அது பெரிய உதவிதான். ஆனால் உச்ச அளவுச் சுருக்கத்தில், பூட்டுக் குறியிட்ட பாதுகாப்பான பக்கம்கூட நடுவிலுள்ள அந்தச் சேவையகத்தில் பிரிக்கப்பட்ட பிறகே உங்களிடம் வந்தது. வேகத்துக்காகவே பெயர்பெற்ற யூசி பிரவுசர், பயனர் விவரங்களைப் போதிய காப்பின்றி அனுப்புவதாக 2015இல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் அறிக்கை வெளியிட்டனர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில மந்தங்கள் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டவை. 2018இல் ஸ்பெக்டர் என்ற, கணினியின் பிராசசரில் உள்ள குறைபாடு வெளியானபின், ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவை எட்டிப் பார்க்க முடியாதபடி குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி நிகழ்முறையில் அடைத்தது. அதற்கு 10 முதல் 13 விழுக்காடு வரை கூடுதல் நினைவகம் செலவாகும் என்று கூகுளே சொன்னது. 2020 முதல் தற்காலிகச் சேமிப்பையும் தளவாரியாகப் பிரித்தார்கள். அதனால் ஒரே எழுத்துருவை இரண்டு தளங்களுக்கு இரண்டு முறை இறக்க வேண்டியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ரேம் கணக்கைப் பார்த்துக் கொதித்துப்போய், எவரோ ஒருவர் காணொளியில் சொன்னபடி இந்தக் காப்புகளை அணைத்துவிட்டு, “இப்பம் நல்லா ஓடுது” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் அவற்றைத் திரும்பப் போடச் சொல்கிறேன்.

வேகம் கூட்டும் நீட்சிகளைச் சேர்த்தல்

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தனியுரிமைக்காகவே உலாவியை மாற்றியவர்கள்.

சேரன்மகாதேவிப் பக்கம் கோரைப்பாய்களை இணையத்தில் விற்கும் ஒருவர், 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி வைத்திருந்தார். தன்னை யாரும் பின்தொடரக் கூடாது என்று எண்ணிப் புதிய உலாவிக்கு மாறினார். டேப்கள் பெருகியதும் அது திணறியது. உடனே, பயன்படுத்தாத டேப்களை உறங்க வைக்கும் நீட்சி ஒன்றையும், பக்கங்களை விரைவுபடுத்துவதாகச் சொன்ன வேறு சிலவற்றையும் சேர்த்தார். சேர்க்கும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி, எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்டிருக்கும். அதைப் படிக்காமலே அனுமதித்தார். கொஞ்ச நாள் கழித்து அவருடைய வணிகப் பக்கம் அவர் கையில் இல்லை. சேமித்து வைத்திருந்த அட்டையிலிருந்து, அவர் கேள்விப்பட்டிராத பொருட்களுக்கான விளம்பரக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. நீட்சிகளில் எது அதைச் செய்தது என்று என்னால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனைக்கும் ஒரே அனுமதி இருந்தது.

“ஓடிபி வராம எப்படி அண்ணாச்சி உள்ள போனான்?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓடிபி பெரும்பாலும் நுழையும்போதுதான் கேட்கப்படுகிறது. நுழைந்தபின், இவர் இன்னார் என்பதற்கு அடையாளமாக அந்தத் தளம் உலாவியில் குக்கி ஒன்றை வைக்கிறது. நெல்லையப்பர் கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கனைப் போல, அதை யார் நீட்டினாலும் உரியவராகவே கருதப்படுவார். குக்கிகளை எடுக்கும் அனுமதி பெற்ற நீட்சிக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2023 மார்ச்சில் சாட்ஜிபிடிக்கு விரைவு வழி என்ற பெயரில் வந்த ஒரு நீட்சி இவ்வாறே ஃபேஸ்புக் கணக்குகளைத் திருடியது. கூகுள் அதைத் தன் நீட்சிக் கடையிலிருந்து நீக்கியது.

நல்ல பெயரெடுத்த நீட்சியாகப் பார்த்துச் சேர்த்தால் போதும் என்பீர்கள். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்சி டேப்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தினர். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகவே இருந்தது. 2020இல் அதை உருவாக்கியவர் இன்னார் என்று தெரியாத ஒருவருக்கு விற்றார். நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால் பயனர்களில் பெரும்பாலோருக்குக் கைமாறியது தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீநிரல் என்று அறிவித்து முடக்கியபோதுதான் பலர் விழித்தனர். அதற்கு முன்பே, 2019இல், படத்தைப் பெரிதாக்குவது, உரையை வாசித்துக் காட்டுவது போன்ற சாதாரண வேலை செய்யும் எட்டு நீட்சிகள் 41 இலட்சம் பேர் வரையிலானோரின் உலாவல் விவரங்களைச் சேகரித்து விற்பனைக்கு அனுப்பியதை ஓர் ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தார். எந்த உலாவியின் தனியுரிமைக் காப்பும் அங்கே பயன்படாது. நீங்களே உள்ளே அழைத்து அமர்த்திய ஒன்றை உலாவி எப்படித் தடுக்கும்?

இதில் பொறுக்க முடியாதது, அந்த நீட்சி தேவையே இல்லை என்பது. டேப்களை உறங்க வைக்கும் வசதி எட்ஜில் 2021 முதலும், குரோமில் ‘மெமரி சேவர்’ என்ற பெயரில் 2023 முதலும் உள்ளேயே இருக்கிறது. விளம்பரத் தடுப்பும் அப்படித்தான்: தடுக்கும் நீட்சிக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி தேவைப்படுகிறது என்பதால், அந்த வேலையை உலாவியே செய்யுமானால் நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. பிரேவ், உலா ஆகியவற்றைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதன்மைக் காரணம் இதுவே.

தவிர்க்க முடியாத நீட்சி ஏதேனும் இருந்தால், குரோமியம் வகை உலாவிகளில் அதன் விவரப் பக்கத்தில் தள அணுகல் என்ற அமைப்பைத் திறந்து, ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். இணையச் சேவை மையம் நடத்துகிறவர்கள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். உங்கள் கணினியில் ஏறுவது ஊர்க்காரர்களின் ஆதார் எண்ணும் சாதிச் சான்றிதழும். அங்கே நீட்சிக்கே இடமில்லை.

இன்காக்னிட்டோவைத் திரை என்று கருதுதல்

உலாவல் வரலாற்றைக் கணினியில் சேமிக்காத முறைதான் இன்காக்னிட்டோ. நீங்கள் பார்த்ததை அது வீட்டிலிருப்பவரிடமிருந்து மட்டும் மறைக்கும்.

ஒரு தளத்துக்காக மொத்தக் காப்பையும் அணைத்தல்

வங்கித் தளத்தில் ஒரு பெட்டி திறக்கவில்லை என்றால், முகவரிப் பட்டைக்கு அருகிலுள்ள கேடயக் குறியைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் அணைத்தவர்கள் மீண்டும் போட்டதை நான் பார்த்ததில்லை.

விளம்பர வாசகத்தோடு நின்றுவிடுதல்

தனியுரிமையையே முதலாகக் கொண்ட பிரேவ், 2020 ஜூனில், பயனர் தட்டச்சிட்ட கிரிப்டோ நாணயச் சந்தை முகவரிகளில் தனக்குத் தரகு பெற்றுத்தரும் குறியீட்டைச் சேர்த்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. தனியுரிமையை முன்னிறுத்தும் தேடுபொறியான டக்டக்கோவின் கைபேசி உலாவி, மைக்ரோசாஃப்டோடு இருந்த தேடல் ஒப்பந்தம் காரணமாக அந்நிறுவனத்தின் சில பின்தொடர் நிரல்களை முழுமையாகத் தடுக்காமல் இருந்தது 2022 மே மாதம் வெளிப்பட்டது, ஆகஸ்டில் மாற்றினார்கள். ஃபயர்பாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலுக்காகத் தரும் பணம். இவற்றைச் சொல்வது மூன்றையும் ஒதுக்குவதற்காக அல்ல. நான் பயன்படுத்துவதும் ஃபயர்பாக்ஸ்தான். பணம் எங்கிருந்து வருகிறது, பிழை வெளிப்பட்டபோது எத்தனை விரைவில் திருத்தினார்கள் என்ற இரண்டையும் தேடிப் படிப்பதற்கு, வேகப் பட்டியல்களைப் பார்க்கும் நேரத்தில் பாதி போதும்.

கடவுச்சொல் கோப்பை விட்டுவைத்தல்

பழைய உலாவியிலிருந்து கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் கோப்பு, பூட்டே இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. புதியதில் ஏற்றியவுடன் டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அகற்றுங்கள். என்னிடம் பழுதுக்கு வருகிற மடிக்கணினிகளில் அந்தக் கோப்பு அங்கேயே கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.