பெப்டைடு தருவிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பேராதனையிலோ கண்டியிலோ ஆய்வுக்காகப் பெப்டைடு (அமினோ அமிலங்களைக் கோத்து ஆக்கிய சிறு சங்கிலி) தருவிக்கும் மாணவர் முதலில் பார்ப்பது விலையை. அடுத்து, “98% தூய்மை” என்ற வரியை. அந்த வரியோடு நின்றுவிடுவதால்தான் பல மாத உழைப்பு வீணாகிறது.

98% என்பது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி தரும் எண். புற ஊதா ஒளியை, பெரும்பாலும் 214 அல்லது 220 நானோமீட்டரில், உறிஞ்சும் பொருள்களில் நமக்கு வேண்டியது எத்தனை பங்கு என்பதை மட்டுமே அது சொல்லும். தூளோடு ஒட்டியிருக்கும் நீரும் உப்பும் அதன் கண்ணில் படுவதில்லை. நிறுத்துப் போட்ட 5 மில்லிகிராம் தூளில் நிகரப் பெப்டைடு (நீரும் உப்பும் கழித்தது) 75% என்றால் கையில் இருப்பது 3.75 மில்லிகிராம்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் கரைசல் தயாரித்தால் செறிவு முழுவதும் பிழை. நிகர அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். செல் வளர்ப்புக்கு என்றால் எந்த உப்பு வடிவம் என்றும் கேளுங்கள். தயாரிப்பின்போது தங்கிவிடும் டிரைபுளோரோ அசெட்டேட் என்ற உப்பு செல்களைப் பாதிக்கக்கூடும், அசெட்டேட் வடிவம் அதைவிடப் பாதுகாப்பானது. எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனையும் அங்கே அவசியம்.

தூய்மை வேறு, அடையாளம் வேறு. ஓர் அமினோ அமிலம் மாறிப்போன பெப்டைடும் 99% தூய்மையாக இருக்க முடியும். அதனால் விற்பவர் தரும் சான்றிதழில், மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலை அறிக்கை இல்லாவிட்டால் அதை நான் சான்றிதழாகவே மதிப்பதில்லை. அதற்கும் எல்லை உண்டு: லியூசின், ஐசோலியூசின் என்ற இரு அமினோ அமிலங்களுக்கும் நிறை ஒன்றே என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இருந்தால் நிறை மட்டும் காட்டிக்கொடுக்காது.

சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் குப்பியில் உள்ள எண்ணும் ஒன்றா? தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் (ஏலத்தில் விற்கும் தேயிலைத் தொகுதிக்கும்) தனி மாதிரி போகிறது. போன வாரத் தேயிலையின் சுவைக்கு இந்த வாரம் யாரும் விலை சொல்வதில்லை. இங்கேயும் அப்படியே. எண் பொருந்தாத, எச்.பி.எல்.சி. வரைபடம் இணைக்காத, தேதியில்லாத தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

உடற்பயிற்சி நிலையங்களில் பெப்டைடுகளை ஊசியாக ஏற்றிக்கொள்ள நினைக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். “ஆய்வுக்கு மட்டும்” என்று விற்கும் குப்பி மருந்து அல்ல. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் மருந்துகளுக்குப் பொறுப்பு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. அதன் பதிவு இந்தக் குப்பிகளுக்கு இல்லை. மேலே சொன்ன எந்தச் சோதனையும் மனித உடலுக்கு உகந்தது என்று காட்டாது. தயவுசெய்து வேண்டாம்.

பொருள் நல்லதாக வந்தும் கெடுப்பது நம் ஊர் ஈரம். உறைந்த குப்பியை வெளியே எடுத்தவுடன் திறந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் பனி படியும், தூள் கட்டிபிடிக்கும். மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிட்டுத் திறங்கள். சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் உள்ள வரிசைகள் காற்றுப் பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடும். கரைத்ததை ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவைத்தால், மீண்டும் மீண்டும் உருக்க வேண்டியிராது. மின்வெட்டின்போது ஃபிரீசர் கதவைத் திறக்காதீர்கள். நீண்ட வெட்டுக்குப் பிறகு உருகியிருந்த குப்பிகளில் அன்றைய தேதியை எழுதி, அவற்றைத் தனியே வையுங்கள்.