பிள்ளைக்கு ஆன்லைனில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்க: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு

ஓதுவது காதால் கற்கும் பாடம். ஆன்லைன் வகுப்பில் முதலில் கெடுவது ஒலிதான். அதைச் சரிசெய்துவிட்டு உஸ்தாதை (ஓதக் கற்றுத்தரும் ஆசிரியரை) தேடுங்கள்.

புளூடூத் ஹெட்செட் வேண்டாம். மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பல செட்கள் போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும். கீச்சென்ற ஒலிகள் வெட்டுப்பட்டு, ஸீன், ஸாத், ஸா என்ற அரபு எழுத்துகள் மூன்றும் உஸ்தாதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். மைக் வைத்த சாதாரண வயர் இயர்போன் போதும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இரைச்சல் நீக்கத்தைக் குறைவாக வையுங்கள். அதிகம் வைத்தால் மூச்சோடு வரும் ஹா, ஃபா எழுத்துகளையும் அது இரைச்சலென்று விழுங்கிவிடும். அதற்காக மிக்ஸி ஓடும் இடத்தில் உட்காரவைக்கக் கூடாது. போனை ஸ்டாண்டில் முகத்துக்கு நேராக வையுங்கள்; வாய் தெரிந்தால்தான் மக்ரஜை, அதாவது எழுத்து பிறக்கும் இடத்தை, திருத்த முடியும்.

உஸ்தாதோடு சேர்ந்து ஓதுவது நடக்காது, குரல் தாமதமாகப் போய்ச் சேரும். அவர் ஓதி நிறுத்திய பிறகு பிள்ளை ஓதட்டும். ஒருவருக்கு ஒருவராக 25 நிமிடம், வாரம் 4 நாள் நல்ல அளவு. பத்துப் பேர் கூட்டு வகுப்பு நபிமார் வரலாறுக்குச் சரி, ஓதலுக்கு ஆகாது. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில்தான் துண்டிக்கும்; 25 நிமிட வகுப்புக்கு அது போதும், பணம் கட்டத் தேவையில்லை.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் வீடுகளில் சிக்னல் தடுமாறினால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள், குரல் தப்பிக்கும். மழையில் கரண்டும் போய்விட்டால், சிக்னல் வந்ததும் அன்றைய பாடத்தை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பி, திருத்தத்தையும் குரலாகவே வாங்குங்கள்.

சோதனை வகுப்பில் ஃபாத்திஹா சூராவை ஓதச் சொல்லுங்கள். 'அல்ஹம்து'வின் தொண்டை ஹா, 'நஅபுது'வின் ஐன், 'இய்யாக்க'வின் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி), கடைசி ஆயத்தின் (வசனத்தின்) ளாத் எழுத்து ஆகியவற்றில் நம் பிள்ளைகள் சறுக்குவார்கள். அங்கே நிறுத்தித் திருத்தாமல் 'மாஷா அல்லாஹ்' சொல்லி நகர்கிறவரை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களையும் ஒதுக்கிவையுங்கள். இந்த வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து காட்டாது.

அடுத்த சிக்கல் முஸ்ஹஃப், அதாவது அச்சிட்ட குர்ஆன் பிரதி. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இந்திய அச்சு. எகிப்து உஸ்தாதிடம் இருப்பது பெரும்பாலும் மதீனா அச்சு, 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. பக்க எண் பொருந்தாது, சுகூன் குறியும் (எழுத்துக்கு உயிரொலி இல்லை என்று காட்டுவது) வேறு. நம் அச்சில் நீண்ட 'ஈ'க்கு வரும் யாவின் மேல் சுகூன் இருக்கும், மதீனா அச்சில் அந்த யா வெறுமையாக நிற்கும். காயிதா (அரபு எழுத்து கற்கும் முதல் நூல்) தொடங்கும் முன்பே ஒரே அச்சை முடிவுசெய்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் தெரிந்த பிள்ளையும் திக்கும்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டிவிடாதீர்கள். சேலத்தில் மக்ரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும், ஜூலையில் ஆறே முக்காலைத் தொடும். 6.30 வகுப்பு ஆடி மாதத்தில் தொழுகையோடு மோதும். எகிப்து உஸ்தாத் என்றால் இன்னொரு சங்கடம்: நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி வித்தியாசம், ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை இரண்டரை. யாருடைய கடிகாரம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டணம் மாதாமாதம் போதும்.

அரபு மொழி தனிப் பாடம். ஓதலையும் இலக்கணத்தையும் ஒரே அரை மணியில் திணித்தால் இரண்டும் நகராது. அம்ம ஜுஸ்வை (குர்ஆனின் கடைசிப் பாகத்தை) தட்டுத் தடங்கலின்றி ஓதும்வரை இலக்கணத்தைத் தள்ளிப்போடலாம்.