டிராய் முதல் ரோம் வரை: ஈனியாஸ் வம்சாவளியை ஒரே தாளில் வரைவது எப்படி?

எரியும் டிராய் நகரிலிருந்து தப்பி இத்தாலிக்கு வந்த வீரன் ஈனியாஸின் கதை, ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் ‘ஈனியட்’ காவியம். அதில் ஆறாம் காண்டம் வந்ததும் எனக்கு வாசிப்பு நின்றுபோனது. பாதாள உலகில் அன்கைசிஸ், இனிப் பிறக்கப்போகும் அரசர்களைத் தன் மகன் ஈனியாஸுக்கு ஒவ்வொருவராகக் காட்டுகிறார். யார் யாருக்கு மகன் என்பது பிடிபடவே இல்லை. மூன்று மாலைகள் உட்கார்ந்து வரைந்த பிறகுதான் விளங்கியது. அந்த முறையை இங்கே தருகிறேன்.

கோடில்லாத ஏ3 தாள், பென்சில், அழிப்பான், சிவப்புப் பேனா போதும். வம்சாவளி மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஆளுக்கு இரண்டு நூல்கள் இரண்டு தாய்களைச் சொன்னால், நான் முயன்று பார்த்த மென்பொருள்களில் அதைக் காட்ட வழியில்லை. பென்சிலில் ஒரு புள்ளிக்கோடு போட்டால் வேலை முடிந்தது.

படி 1: தண்டு. டிராய் போரைப் பாடும் ஹோமரின் ‘இலியட்’ காவியத்தின் 20ஆம் காண்டத்திலிருந்து தொடங்குங்கள். போர்க்களத்தில் கிரேக்க வீரன் அகிலீஸின் எதிரே நின்று ஈனியாஸ் தன் பரம்பரையைத் தானே சொல்கிறான். கிரேக்கரின் தேவராஜன் ஜீயஸின் மகன் டார்டானஸ். அவன் மகன், மூவாயிரம் பெண்குதிரைகளை மேயவிட்ட எரிக்தோனியஸ். அவன் மகன் ட்ரோஸ். இந்த நால்வரையும் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்.

படி 2: பிரிவு. ட்ரோஸுக்கு மூன்று மகன்கள்: இலுஸ், அஸ்ஸாரகஸ், கனிமீட். கனிமீடை ஜீயஸுக்கு மது ஊற்றுவதற்காகத் தேவர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அந்தக் கிளையை அங்கேயே முடித்துவிடலாம். இடப்பக்கம் இலுஸ், லாவோமெடோன், பிரியாம், ஹெக்டர். வலப்பக்கம் அஸ்ஸாரகஸ், காப்பிஸ், அன்கைசிஸ், ஈனியாஸ். இரு பக்கமும் நான்கு தலைமுறைகள். எனவே ஹெக்டரும் ஈனியாஸும் ஒரே வரிசையில் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. அன்கைசிஸுக்குப் பக்கத்தில் ஈனியாஸின் தாயான காதல் தேவதை அஃப்ரோடைட்டியை எழுதுங்கள். ரோமானியர் அவளை வீனஸ் என்பார்கள்; இரு பெயருக்கும் ஒரே கட்டம்தான்.

ஈனியாஸின் முதல் மனைவி கிரியூசா பிரியாமின் மகள். நம் முறைப்படி பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை. இங்கே அது திருமணம். ஆகவே இடக்கிளையிலிருந்து ஒரு கோடு வலப்பக்கம் வரும். அவர்கள் மகன் அஸ்கானியஸ் இரு கிளைகளுக்கும் வாரிசு.

படி 3: இடைவெளி. நான் தடுக்கி விழுந்த இடம் இது. ரோமை நிறுவிய ரோமுலஸ் ஈனியாஸின் பேரன் என்று எங்கோ படித்து, அப்படியே கோடு போட்டுவிட்டேன். நேவியஸ், என்னியஸ் போன்ற பழைய ரோமானியக் கவிஞர்கள் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். ஆனால் டிராய் வீழ்ந்தது கி.மு. 1184 என்று கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் கணித்தார். ரோம் நகரம் பிறந்தது கி.மு. 753 என்பது ரோமானிய அறிஞர் வாரோவின் கணக்கு. நடுவே 431 ஆண்டுகள். ஒரு மகனும் ஒரு பேரனும் அத்தனை காலத்தைத் தாங்க மாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள்தான், ரோமுக்கு முந்தைய நகரமான அல்பா லோங்காவின் அரசர்கள்.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், தெளிவானது அதுதான். எண் போட்டே எழுதுங்கள்: 1 அஸ்கானியஸ், 2 சில்வியஸ், 3 ஈனியாஸ் சில்வியஸ், 4 லத்தீனஸ் சில்வியஸ், 5 அல்பா, 6 அத்திஸ், 7 காப்பிஸ், 8 கப்பேட்டஸ், 9 டைபரினஸ், 10 அக்ரிப்பா, 11 ரோமுலஸ் சில்வியஸ், 12 அவென்டினஸ், 13 ப்ரோகா.

எண் ஏன் என்றால், பழைய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏழாவது காப்பிஸ் ஈனியாஸின் தாத்தா அல்ல. இடியால் மாண்ட பதினொன்றாவது ரோமுலஸ், ரோமை நிறுவியவன் அல்ல. நான் இவனை அவனாக எண்ணி ஒரு முழுத் தாளை வீணாக்கினேன். ஒன்பதாவது டைபரினஸ் ஆற்றில் மூழ்கி இறந்ததால்தான் டைபர் நதிக்கு அந்தப் பெயர் என்கிறார் லிவி.

சில்வியஸுக்கு மட்டும் சிவப்புப் பேனா. லிவி அவனை அஸ்கானியஸின் மகன் என்கிறார். விர்ஜிலோ ஈனியாஸுக்கும் இரண்டாம் மனைவி லவினியாவுக்கும் பிறந்தவன் என்கிறார். ஒன்றை நேர்க்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டு, பக்கத்தில் ஆசிரியர் பெயரை எழுதிவிடுங்கள். ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டு கதைகளும் உயிரோடு இருந்தவை.

படி 4: முடிவு. ப்ரோகாவின் மகன்கள் நூமிட்டர், அமூலியஸ். தம்பி அமூலியஸ் அண்ணனின் அரசைப் பறித்து, அண்ணன் மகள் ரியா சில்வியாவை வெஸ்டா கன்னியாக்கினான், அதாவது திருமணம் செய்யக்கூடாத பூசாரினியாக்கினான். அவளுக்கும் போர்க்கடவுள் மார்ஸுக்கும் பிறந்த இரட்டையரே ரோமுலஸ், ரீமஸ்.

பின்சேர்க்கை: அஸ்கானியஸ், இலுஸ், யூலுஸ் மூவரும் சகோதரர்களா என்று மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். மூன்றும் ஒரே பையன். இலியம் (டிராயின் இன்னொரு பெயர்) நகரம் நின்றவரை அவன் பெயர் இலுஸ், பிறகு யூலுஸ் என்று ‘ஈனியட்’ முதல் காண்டத்தில் ஜூபிடரே (ஜீயஸின் ரோமானியப் பெயர்) சொல்கிறார். படி 2இல் வரும் இலுஸ் வேறு, அவன் மூத்த தலைமுறை. இலுஸை யூலுஸாக்கிய இந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜூலியஸ் குடும்பம் தன்னை வீனஸின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஜூலியஸ் சீசர் வெளியிட்ட வெள்ளி நாணயம் ஒன்றில் ஒரு பக்கம் வீனஸின் தலை. மறுபக்கம் ஈனியாஸ், முதிய தந்தையைத் தோளில் சுமந்து நடக்கிறான். அஸ்கானியஸின் கட்டத்தில் மூன்று பெயர்களையும் எழுதி, அதிலிருந்து சீசருக்கு ஒரு நீண்ட புள்ளிக்கோடு இழுத்துவிடுங்கள்.