லூமினால் ஒளிர்ந்தாலே பெராக்சைடு என்று எழுதிவிடாதீர்கள்

காரைக்குடியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், மழைத்தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு அளக்கிறேன் என்று ஒரு புராஜெக்ட் மாணவராவது வந்துவிடுவார். நல்ல தலைப்புதான். வெயிலின் தயவில் காற்றில் உருவாகும் பெராக்சைடு மழையோடு இறங்கத்தான் செய்கிறது.

ஒரு தம்பி, ஆச்சி வீட்டு வளவில் செப்பு அண்டாவை வைத்து இரவெல்லாம் பிடித்த தண்ணீரைக் காலையில் கொண்டுவந்தார். பெராக்சைடோடு வினைபுரிந்து ஒளிரும் லூமினால் என்ற பொருளையும், அந்த வினையை முடுக்கிவிடும் ஹார்ஸ்ராடிஷ் பெராக்ஸிடேஸ் என்சைமையும் சேர்த்ததும் நீல ஒளி. முகமெல்லாம் சிரிப்பு. "என்சைம் போடாம ஒரு தடவை பாருங்க தம்பி" என்றேன். அப்போதும் ஒளி வந்தது!

வேலையைச் செய்தது அண்டா. செம்பு, இரும்பு, கோபால்ட் அயனிகள் என்சைம் இல்லாமலே லூமினாலை ஒளிரவைக்கும். போதாததற்கு, இருக்கிற பெராக்சைடையும் சிதைத்துவிடும். கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ பிடித்து, அன்றே அளந்துவிடுங்கள். சாம்பிளில் பாதியை எடுத்து, பெராக்சைடைச் சிதைத்துவிடும் கேட்டலேஸைச் சேர்த்துச் சில நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் வருகிற ஒளி பெராக்சைடின் கணக்கில் சேராது; கழித்துவிட வேண்டும்.

ஒளி போதவில்லை என்று பஃபரின் (கார அளவை நிலையாக வைத்திருக்கும் கரைசலின்) பிஎச்-ஐ 11-க்கு ஏற்றுகிறவர்களும் உண்டு. லூமினாலுக்குக் காரம் பிடிக்கும், என்சைமுக்குப் பிடிக்காது. 8.5 வாக்கில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதற்கு மேலே ஏற்ற ஏற்ற, என்சைம் படுத்துவிடும், உலோக அயனிகள்தான் கொண்டாடும்.

ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும், அளவு தெரிந்த பெராக்சைடு கரைசல்) விஷயத்தில் லேபிளை நம்பவே கூடாது என்பேன். 30% பாட்டில் புதிதாக இருந்தால் சுமார் 9.8 மோலார், பலமுறை திறந்து மூடிய பாட்டிலில் என்ன மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? சுமார் 10 மில்லிமோலாருக்கு நீர்த்து, 240 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். 1 செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) 0.436 வந்தால் சரி. அதிலிருந்து மைக்ரோமோலார் கரைசல்களை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள்.

ரீடிங் குறைவாக வந்தால் பெராக்சைடு குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறிய பெராக்சைடு என்சைமையே முடக்கிவிடும். பத்து மடங்கு நீர்த்தபின் ரீடிங் ஏறினால், சங்கதி அதுதான். பூஞ்சை வராமலிருக்க பஃபரில் சோடியம் அசைடு போட்டிருந்தாலும் என்சைம் அவுட்.

அப்புறம் டியூப்லைட். சாம்பிளை ஊற்றி அளக்கும் வெள்ளைத் தட்டுகள் அதன் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கருவிக்குள் போனபின் கொஞ்ச நேரம் தாங்களாகவே மினுங்கும். இருட்டில் ஐந்து நிமிடம் வைத்த பிறகு அளந்து பாருங்கள்.